மூன்று பேராய் நிற்காத படம்

1

படத்தில் இருப்பவர்கள் நானும் என் மனைவி செல்வியும். எங்கள் மகள் பொன்மலர் இருக்கிறாள் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அவளுடைய பின்னலும் ஒரு குதிகாலும் விழுந்திருக்கின்றன. இல்லாதவர் கீழ்வீட்டு மாசிமா. அந்த நொடியில் அவர் பெட்டியிலிருந்து எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

எடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பவானிபூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மறுபடியும் மூங்கில் வந்து இறங்கிவிட்டது. சந்தே அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறது. நான் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்கத்தாவும் நம் நாடுதானே, அங்கே இருப்பதற்கு என்ன புலம்பல் என்று ஊரில் கேட்பார்கள். பாஸ்போர்ட் வேண்டாம்தான். ஆனால் என் மகள் வேகமாகப் பேசினால், அவள் என்ன சொல்கிறாள் என்று அவளிடமே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

2

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. இருவரும் இப்போது இல்லை. எங்கள் வகையறாவில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் நான். பரீட்சை எழுதி ரயில்வேயில் கடைநிலை வேலை கிடைத்தது. கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் போட்டார்கள். ஸ்டோரில் வேலை என்றதும், மேசையில் உட்கார்ந்து எழுதுவது என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. இரும்புச் சாமான் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கி அடுக்குவதுதான் அந்த வேலை.

சில வருடங்களில் நடுமுதுகில் ஒரு வலி வந்து குடியேறிவிட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் சீட்டைப் படித்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். அடுத்த லாரி வந்ததும் அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பாலம், விபத்து, விழா, அதிகாரிகளின் பிரிவுபசாரம் என்று எல்லாவற்றையும் படம் பிடிக்கும் துறைப் புகைப்படக்காரர் ஓய்வு பெறப் போகிறார். புகைப்பட டிப்ளமோ வைத்திருக்கும் ஊழியர்கள் விண்ணப்பிக்கலாம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு முப்பத்து மூன்று முடிந்திருந்தது.

செல்வியிடம் சொன்னேன். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க்காரர் நடத்தும் மாவுக் கடையில் வேலை செய்கிறாள். கையில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அந்தக் கேமரா எம்புட்டு கனம் இருக்கும்?"

"முக்கால் கிலோ இருக்கும்."

"அப்பம் படிங்க."

3

இந்த ஊரிலேயே புகைப்பட வகுப்புகள் உண்டு. வங்காளத்தில் நடத்துவார்கள், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். எனக்குத் தமிழில் படித்தால்தான் தலையில் ஏறும். அதனால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தேன். சாந்தினி மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய கேமரா வாங்கினேன். பாடப் புத்தகங்கள் தபாலில் வந்தன. உறையின் மேல் தமிழெழுத்தைப் பார்த்த தபால்காரர், தமிழ் என்றால் மாவுக் கடை என்று முடிவுகட்டி அங்கேயே கொடுத்துவிடுவார். ஒளியின் திசை பற்றிய முதல் பாடம் புளித்த மாவு வாசனையோடுதான் என் வீட்டுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வீடியோ வகுப்பு. எல்லாம் சின்னப் பையன்கள், பெண்பிள்ளைகள். என்னைவிட மூத்தவர் குவைத்தில் லாரி ஓட்டும் ஓர் அண்ணன் மட்டும். ஆசிரியர் கேள்வி கேட்டால் நாங்கள் இருவரும்தான் ‘சார்’ என்று எழுந்து நிற்போம். போனில் எழுந்து நின்றால் வயிறுதான் தெரிகிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நான் படிக்கும்போது பொன்மலர் வந்து பார்ப்பாள். அவளுக்கு எட்டு வயது. "அப்பா, என்னை ஒரு ஃபோட்டோ தூக்குங்க" என்பாள். வங்காளத்தில் படம் எடுப்பதைப் படம் தூக்குவது என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே தமிழில் வைத்திருக்கிறாள். தண்ணீரையும் இவள் குடிப்பதில்லை, சாப்பிடுகிறாள். நான் திருத்துவேன். "திதா அப்படித்தான் சொல்வாங்க" என்பாள். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

திதா என்றால் அம்மாவைப் பெற்றவள். அவள் திதா என்று கூப்பிடுவது, சித்தி முறை வைத்து நாங்கள் மாசிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாவை. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் வெளியூரில். செல்வி மாவுக் கடைக்கும் நான் கார்டன் ரீச்சுக்கும் போய்விட, பொன்மலர் தவழ்ந்தது, பேசியது, அம்மை போட்டுக் கிடந்தது எல்லாம் கீழ்வீட்டில்தான். டுக்கி என்று ஒரு செல்லப் பெயரும் வைத்துவிட்டார். இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுப் பெயர் ஒன்று இருக்க வேண்டும். பொன்மலர் என்று கூப்பிட்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டும். டுக்கி என்றால் உடனே திரும்புவாள்.

மாசிமா எங்கள் வீட்டுக்கு வருவதற்குக் கதவைத் தட்டியதே இல்லை. படியேறும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். உள்ளே வந்து சேரும்போது பாதிச் செய்தி முடிந்திருக்கும்.

4

கடைசிப் பயிற்சியின் தலைப்பு ‘என் குடும்பம்’. எடுப்பவரும் படத்தில் இருக்க வேண்டும், டைமர் வைத்துக்கொள்ளலாம். இயற்கை வெளிச்சம் மட்டும். வெட்டவோ ஒட்டவோ கூடாது. கேமராவில் பதிந்ததை அப்படியே அனுப்ப வேண்டும். மிகவும் லேசான பயிற்சி என்றார் ஆசிரியர்.

"நான் நிக்க மாட்டேன்" என்றாள் செல்வி.

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பக்கத்தில் இது தெரியாதவர் இல்லை. மூவரில் ஒருவர் பிரிந்துவிடுவார் என்பார்கள். என் சின்ன வயதில் அப்பா, அம்மா, நான் மூவரும் டவுன் ஸ்டூடியோவுக்குப் போனபோது, ஸ்டூடியோக்காரர் கேட்காமலே உள்ளே போய் ஒரு பெரிய ரப்பர் பொம்மையை எடுத்துவந்து அம்மா மடியில் வைத்தார். வருகிற மூன்று பேர் குடும்பத்துக்கெல்லாம் அதே பொம்மைதான். எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டுப் படத்தில் அது உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒரு தங்கச்சி இருந்ததாக நான் ரொம்ப நாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வகுப்பில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். குவைத் அண்ணன் மட்டும் யோசனை சொன்னார்: "உங்க வீட்டம்மா கையில ஒரு கல்லைக் கொடுத்து மூடிக்கச் சொல்லுங்க தம்பி. கல்லு நாலாவது ஆளு. கணக்கு சரியாயிரும்."

அதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"எங்க அக்கா, நான், தங்கச்சி. மூணு பேரும் மஞ்சப் பாவாடையில நிக்கற படம் பாத்திருக்கியள்லா? அன்னைக்கு எங்க அம்மாவும் தங்கச்சி கையில கல்லு குடுத்துத்தான் நிக்க வச்சா."

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தங்கை நான் செல்வியைப் பெண் பார்க்கப் போகும்போது இல்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னார்கள். கையில் கல் இருந்தது எனக்குத் தெரியாது.

"நீங்க என்ன வேணாலும் படிங்க. உசுரு உள்ள நாலாவது ஆளு இருந்தா நான் நிக்கேன்."

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கும் அத்தியாயம் இல்லை.

5

உயிருள்ள நாலாவது ஆள் கீழே இருந்தார். மாசிமாவை நடுவில் உட்காரவைத்து, பொன்மலர் அவர் மடியில் சாய, நானும் செல்வியும் இரண்டு பக்கமும் நின்றோம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். செல்வி சிரித்தாள், படத்தில் அவள் சிரிப்பது அபூர்வம்.

அனுப்பினேன். குறிப்போடு திரும்பி வந்தது. ‘நடுவில் இருப்பவர் யார்? குடும்ப உறுப்பினர் மட்டும் இருக்க வேண்டும். குடும்ப அட்டை நகல் இணைக்கவும். மறுபடி எடுத்து அனுப்பவும்.’

பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினார்.

"அவங்க உங்களுக்கு என்ன உறவு சார்?"

"கீழ்வீடு மேடம்."

"அது அட்ரஸ் சார். உறவு கேட்டேன்."

மகளுக்குப் பாட்டி முறை, எங்களுக்குச் சித்தி முறை என்றேன். சொந்தமா என்றார். இல்லை என்றேன். "அப்ப விதிப்படி வராது சார்" என்று சொல்லிவிட்டு, இருமல் மாத்திரை எழுதித் தருபவர்போல் கடைசித் தேதியைச் சொன்னார். அடுத்த ஞாயிறு.

ஊரிலிருந்து மாமியாரை வரவழைக்கலாம் என்று பார்த்தேன். பூஜை சீசனில் ஹவுராவுக்கு வரும் எந்த ரயிலிலும் இடமில்லை. சந்தில் மூங்கில் கட்டி முடித்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் துணி சுற்றப் போவதாகச் சொன்னார்கள். சுற்றிவிட்டால் எங்கள் ஜன்னலுக்குப் பூஜை முடியும்வரை வெளிச்சம் கிடையாது.

செல்வி இரண்டு நாள் கோமதி அம்மன் படத்துக்கு விளக்கேற்றினாள். மூன்றாம் நாள் என் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தது.

"நிக்கேன்."

"செல்வி…"

"பேசாம படுங்க. இந்த முதுகுக்காக நிக்கேன். சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

6

இனி மாசிமாவிடம் சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்கு ஒரு பிரதி கேட்டிருந்தார். பல்கலைக்கழகம் என்ன சொன்னது என்று தினமும் கேட்டார். மார்க் போட்டார்களா, தன்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.

மீன் வாங்கவும் பஸ்ஸில் சண்டை போடவும் எனக்கு வங்காளம் வரும். கடினமான ஒன்றை மெதுவாகச் சொல்லும் அளவுக்கு வராது. செல்விக்கு மாவு விற்கிற அளவு வரும். எங்கள் வீட்டில் முழு வங்காளம் தெரிந்தவள் ஒருத்திதான்.

"பொன்மலர், திதாகிட்டப் போய்ச் சொல்லணும். மனசு நோகாம சொல்லணும். படத்துல குடும்பம் மட்டும்தான் இருக்கலாம்னு காலேஜ்ல சொல்றாங்க. அதனால இந்த ஞாயிறு நாம மூணு பேர் மட்டும் நிக்கறோம்னு சொல்லு."

"திதா குடும்பம்தானே?"

"காலேஜுக்கு அது தெரியாது."

"நீங்க சொல்லுங்க காலேஜுக்கு."

"சொல்லிட்டேன்மா. கேக்கல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த லென்ஸும் தாங்காது. இறங்கிப் போனாள். ரொம்ப நேரம் கழித்து வந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"திதா என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது.

7

ஞாயிறு காலை. ஸ்டாண்டில் கேமராவை ஏற்றி, ஜன்னலைத் திறந்து, செல்வியும் பொன்மலரும் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். படியில் சத்தம் கேட்டது.

"எஷே கெச்சி!" வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே மாசிமா உள்ளே வந்தார். மெல்லிய நீலக்கரை போட்ட புதுப் புடவை, மடிப்புக் கலையாமல். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி.

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி பொன்மலரைப் பார்த்தாள். பொன்மலர் சுவரைப் பார்த்தாள்.

"ஏட்டி, திதாகிட்ட என்ன சொன்ன?" என்றாள் செல்வி.

"அன்னைக்குக் கட்டின புடவை வெளிச்சத்துக்குச் சரியில்லை, அதனால்தான் படம் திரும்பி வந்தது, இந்த ஞாயிறு நல்ல புடவை கட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்."

இவ்வளவு பிழையில்லாத தமிழ் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

மாசிமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டு, நான் போட்ட கோட்டைப் பார்த்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் என்ன செய்வேன்? நான்கு பேராக ஒரு படம் எடுத்தேன். அவர் கேமராவை நேராகப் பார்த்து, சென்ற முறை செய்த தப்பைத் திருத்துகிறவர்போல், முந்தானையை வெளிச்சத்தின் பக்கம் விரித்துப் பிடித்தார்.

வெளியே பந்தல்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே துணியை ஏணியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஜன்னலின் கீழ்ப்பாதி மங்கியது.

"மாசிமா" என்றேன். "ஏக்டா… ஷுது… அம்ரா தின்ஜோன்."

ஒன்று. நாங்கள் மூன்று பேர் மட்டும். அதற்கு மேல் மொழி வரவில்லை. பல்கலைக்கழகம், விதி, கடைசித் தேதி, என் முதுகு எல்லாம் தமிழாகவே நின்றுவிட்டன.

அவர் உடனே எழுந்துவிட்டார். "ஹ்யா, ஹ்யா, நிஷ்சய்!" ஆமாம், நிச்சயம் என்று சொல்லி நாற்காலியையும் தானே ஓரமாக நகர்த்திவைத்தார். கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பொன்மலரைப் பார்த்து, சிரி என்று வாயைக் காட்டினார்.

டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோமதி தாயே, கோமதி தாயே" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையால் மகளின் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மாசிமா இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார். விளக்கு வேகமாக மின்னத் தொடங்கும்போது, கண்ணாடியைக் கழற்றி அந்தப் புதுப் புடவையின் நுனியால் துடைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

செல்வியின் கையை உதறிக்கொண்டு பொன்மலர் ஓடினாள். கேமரா அந்த நேரத்தில்தான் சொடுக்கியது.

அவள் மாசிமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். "யா, யா, பாபா டாக்ச்சே" என்று மாசிமா அவளைத் தள்ளினார். போ, அப்பா கூப்பிடுகிறார். அவள் போகவில்லை. நான் டுக்கி என்று கூப்பிட்டேன், முதல் தடவையாக. திரும்பவில்லை. மாசிமா அவளை எங்களை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார். அவள் இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தாள். அப்போது துணி மேலே ஏறி, அறை அப்படியே இருண்டது.

செல்வி கேமராத் திரையில் படத்தைப் பார்த்தாள்.

"இதுல எத்தன பேரு?"

"மூணுதான்."

"குதிகாலு ஆளாகுமா? ரெண்டுதான். மூணு இல்ல." மூச்சை விட்டாள். அழுதாள்.

8

அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். வேறு என்ன அனுப்ப?

வீடியோவில் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் வயதானவர், நல்ல மாதிரி. படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, பொண்ணு எங்க?"

"ஓடிட்டா சார்."

"யாருகிட்ட?"

"கேமரா பக்கத்துல ஒருத்தங்க இருந்தாங்க சார். படத்துல இல்ல."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஃப்ரேமுக்கு வெளிய மார்க் போட எனக்கு இடமில்ல தம்பி" என்றார். குரலில் கேலி இல்லை. "அடுத்த வருஷம் நல்லா எடுங்க."

அந்தப் புகைப்படக்காரர் வேலைக்கு வேறொரு பிரிவிலிருந்து ஒரு பையன் போனான். நல்ல பையன். ஸ்டோர் இருப்புச் சரிபார்ப்புக்குப் படமெடுக்க வருவான். பெட்டிகள் குறுக்கே இருந்தால், அண்ணன் முறை வைத்து, "தாதா, ஒரு நிமிஷம்" என்பான். நான் தூக்கி நகர்த்திவைப்பேன். எனக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது.

இருந்தும் செல்வி மறுபதிவுக்குப் பணம் கட்டினாள். இனி எதற்கு என்றேன். "அப்பா ஃபெயிலுன்னு புள்ள சொல்லிட்டுத் திரியவா?" என்றாள். புதுப் புத்தகங்கள் போன வாரம் மாவுக் கடைக்கு வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பயிற்சி, ‘என் குடும்பம்’. விதிகளும் அவைதான்.

9

திரும்பி வந்த முதல் படத்தை, நாங்கள் நால்வரும் இருப்பதை, பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாசிமாவுக்குக் கொடுத்தேன். பொன்மலர் கேட்டாள், அதனால். சட்டம் போடும் கடைக்காரர் "ஃபேமிலி ஃபோட்டோ?" என்றார். "ஹ்யா" என்றேன். அவர் குடும்ப அட்டை நகல் எதுவும் கேட்கவில்லை.

மாசிமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சிரித்தார். அன்றைக்கே ஆணி அடிக்கச் சொல்லி, கணவரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். பொன்மலர் வழக்கம்போல் அங்கேதான் இருக்கிறாள். அங்கேதான் படிக்கிறாள், தண்ணீர் சாப்பிடுகிறாள். மாசிமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. என்னிடம் இருப்பது அந்த நான்கு வார்த்தைதான். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஆனால் இப்போதெல்லாம் படியில் பேச்சுச் சத்தம் கேட்பதில்லை. கதவு திறந்திருந்தாலும் வெளியே நின்று தட்டுகிறார். நான் எழுந்துபோய் "வாங்க மாசிமா" என்றால்தான் உள்ளே வருகிறார்.

மறுபதிவு, தாமதக் கட்டணம், பெரிய பிரிண்ட், கண்ணாடி, சட்டம், ஆணி எல்லாம் சேர்த்து இதுவரை ஆன செலவு ஆறாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.